வேண்டாத பொதியை விலக்குவது எப்படி?

பழைய வீட்டை விரிவாக்க நினைக்கும் ஒருவர், கூடத்தின் நடுவே நிற்கும் சுவரைக் காட்டி, "இது எதற்கு வீணாக நிற்கிறது? இடித்துவிடுங்கள்" என்கிறார். நல்ல கொத்தனார் உடனே கடப்பாரையைக் கையில் எடுப்பதில்லை. அண்ணாந்து மேலே பார்க்கிறார். உத்திரம் எதன்மேல் படுத்திருக்கிறது என்று கவனிக்கிறார். அந்தச் சுவர் அறையைப் பிரிக்க மட்டும் நிற்கிறதா, கூரையையும் தாங்குகிறதா என்பது தெரிந்த பிறகுதான் பதில் சொல்கிறார்.

லினக்ஸ் கணிப்பொறியிலிருந்து மென்பொருள்களை நீக்கும் வேலையும் இத்தகையதே. வெறுமனே இடத்தை அடைத்துக் கிடப்பது எது, பாரத்தைத் தாங்கி நிற்பது எது என்று பிரித்தறியத் தெரிந்தவர் தயங்காமல் நீக்கலாம். அது தெரியாதவர், "இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை, ஆகவே இது எனக்கு வேண்டாம்" என்று நீக்கிவிட்டு, பிறகு கறுப்புத் திரையைப் பார்த்துத் திகைத்து நிற்பார். மாணவ நண்பர்களே, இந்த வேறுபாட்டை அறிவது கடினமன்று. கணிப்பொறியே அதற்கு நமக்கு உதவுகிறது. எப்படி என்று பார்ப்போமா?

பொதி என்றால் என்ன?

1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதே லினக்ஸ். சரியாகச் சொன்னால், லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் உட்கரு மட்டுமே. இதனைக் கெர்னல் என்பார்கள். இதனுடன் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்துத் தொகுத்து வழங்குவோர் பலர். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இத்தகைய தொகுப்புகளில் ஒன்று. 2004இல் வெளிவந்த உபுண்டு, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படியே. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகப் பாஸ் பல மாணவர்களின் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. இக்கட்டுரையில் நாம் பார்க்கப்போவது டெபியன் குடும்பத்தின் முறை. மற்றக் குடும்பங்களில் கட்டளைகளின் பெயர்கள் மாறும், தத்துவம் மாறாது.

இத்தொகுப்புகளில் மென்பொருள்கள் 'பேக்கேஜ்' என்னும் பொதிகளாக வருகின்றன. ஒரு பொதிக்குள் அந்த மென்பொருளின் கோப்புகள் இருக்கும். கூடவே ஒரு சீட்டும் இருக்கும். "நான் வேலை செய்ய வேண்டுமானால் இன்னின்ன பொதிகள் கணிப்பொறியில் இருக்க வேண்டும்" என்று அச்சீட்டு கூறும். இவற்றைச் சார்புகள் என்று அழைப்போம். 2023 ஜூன் மாதம் வெளியான டெபியன் 12ஆம் பதிப்பில் இருந்த பொதிகளின் எண்ணிக்கை எவ்வளவு தெரியுமா? 64,419!

ஏன் இத்தனை பொதிகள்? ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய அனைத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டால் என்ன? வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஒரே வேலையைச் செய்யும் பகுதி, நூறு மென்பொருள்களில் நூறு முறை இடம்பெற்றுவிடும். அதில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால் நூறு இடங்களில் திருத்த வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக அப்பகுதியைத் தனிப் பொதியாக்கி, எல்லா மென்பொருள்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஊருக்கு நடுவே உள்ள பொதுக் கிணறு போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இசட்லிப் என்ற ஒரு பொதியை எடுத்துக்கொள்வோம். தகவல்களைச் சுருக்குவதும் விரிப்பதும் இதன் வேலை. நாம் இதனை நேராகத் திறந்து பயன்படுத்துவதே இல்லை. ஆனாலும் எண்ணற்ற மென்பொருள்கள் இதன்மேல் சாய்ந்து நிற்கின்றன. பொதிகளை நிறுவுவதும் நீக்குவதுமான வேலையைச் செய்யும் டிபிகேஜி என்ற மென்பொருளும் இதைச் சார்ந்ததே! பெயர் தெரியவில்லை என்பதற்காக இதை நீக்கப் புறப்படுவது, உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுவது போன்றதல்லவா?

இரண்டு திசைகள்

இப்போது ஒரு சிறு கணக்கு. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கணிப்பொறியில் க, ச, ட, த, ப என்று ஐந்து பொதிகள் இருக்கின்றன. இவற்றுள் நீங்கள் கேட்டு நிறுவியவை க, ச ஆகிய இரண்டுதான். மற்ற மூன்றும் அவற்றுக்குத் துணையாக வந்தவை. க என்பது ட, த ஆகியவற்றைச் சார்ந்திருக்கிறது. ச என்பது த, ப ஆகியவற்றைச் சார்ந்திருக்கிறது. க, ச இரண்டையும் மேலேயும், மற்ற மூன்றையும் கீழேயும் எழுதி, சார்புகளைக் கோடுகளால் இணையுங்கள்.

முதல் கேள்வி: க வேண்டாம் என்று நீக்கிவிட்டால், தேவையற்றுப் போவது எது?

ட மட்டுமே. ட-வைச் சார்ந்திருந்தது க ஒன்றுதான், அது போய்விட்டது. த-வுக்கோ இன்னும் வேலை இருக்கிறது. ச அதன்மேல் நிற்கிறது.

இரண்டாவது கேள்வி: க-வை விட்டுவிட்டு, த-வை நீக்கினால் என்ன ஆகும்?

க, ச இரண்டுமே நிற்க இடமின்றிப் போகும். ஆகவே பொதி மேலாளர் அவ்விரண்டையும் சேர்த்தே நீக்கப் பார்க்கும். நீங்கள் நீக்கச் சொன்னது ஒன்று, போவது மூன்று!

இந்தக் கணக்கில்தான் முழு உண்மையும் அடங்கியிருக்கிறது. மேலிருந்து நீக்கினால், கீழே சில பொதிகள் ஆதரவின்றித் தேங்கும். அதனால் இடம்தான் வீண்; ஆபத்து இல்லை. கீழிருந்து நீக்கினால், மேலே நிற்பவை சரியும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆகவே ஒரு பொதியைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி, "இதை எனக்குத் தெரியுமா?" என்பதன்று. "இதன்மேல் யார் நிற்கிறார்கள்?" என்பதே.

அம்மி போன பின் குழவி எதற்கு?

வானத்து விண்மீன்களைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். அதனை நிறுவும்போது, ஸ்டெல்லேரியம்-டேட்டா என்ற பொதியும் கூடவே வரும். விண்மீன் பட்டியல், படங்கள் முதலியவை அதில் இருக்கின்றன. வேறு சில பொதிகளும் வரலாம். பின்னொரு நாள் ஸ்டெல்லேரியத்தை நீக்குகிறீர்கள். டேட்டா பொதி அப்படியே வட்டில் தங்கிவிடுகிறது. அம்மியைக் கொடுத்துவிட்டுக் குழவியை மட்டும் வைத்திருப்பது போன்ற நிலைமை இது.

இத்தகைய பொதிகளைக் கணிப்பொறி எப்படி அடையாளம் காண்கிறது? கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அழைப்பிதழ் பெற்று வந்தவர்கள் உண்டு. அவர்களோடு துணைக்கு வந்தவர்களும் உண்டு. பொதி மேலாளரான ஆப்ட், ஒவ்வொரு பொதிக்கும் இத்தகைய குறிப்பு ஒன்றை வைத்திருக்கிறது. நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டது என்றால் 'மேனுவல்'. சார்பின் காரணமாகத் தானாக வந்தது என்றால் 'ஆட்டோ'. அழைக்கப்பட்டவர் புறப்பட்டுவிட்டால், அவருடன் வந்தவருக்கும் அங்கே வேலை இல்லை. அவர் வேறொரு விருந்தாளிக்கும் துணையாக இருந்தால்தான் தங்க வேண்டும்.

அப்படியானால், ஒவ்வொரு பொதியின்மேலும் எத்தனை பொதிகள் சாய்ந்திருக்கின்றன என்று எண்ணி, பூஜ்யம் என்று வந்தவற்றை நீக்கினால் போதுமே என்று தோன்றுகிறதா? சற்றுச் சிந்தியுங்கள். ய, ர என்ற இரு பொதிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. வேறு எதுவும் அவற்றைச் சார்ந்திருக்கவில்லை. நீங்களும் அவற்றைக் கேட்கவில்லை. எண்ணிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்றே வரும்; பூஜ்யம் வரவே வராது. ஒருவரையொருவர் காட்டி இருவரும் என்றென்றும் தங்கிவிடுவார்கள்!

ஆகவே ஆப்ட் தலைகீழாகத் தொடங்குகிறது. நீங்கள் கேட்ட பொதிகளை முதலில் குறித்துக்கொள்கிறது. அவை சார்ந்தவற்றைக் குறிக்கிறது. பிறகு அவை சார்ந்தவற்றை... இப்படியே இறுதிவரை செல்கிறது. கடைசியில் குறி விழாமல் எஞ்சியவையே வேண்டாதவை. ய, ர இரண்டும் இப்போது அகப்பட்டுக்கொள்ளும். இதே தந்திரத்தை 1960ஆம் ஆண்டிலேயே ஜான் மெக்கார்த்தி என்ற அமெரிக்க அறிஞர், லிஸ்ப் என்னும் கணிப்பொறி மொழியில் பயனற்ற நினைவகத்தை மீட்பதற்காக விளக்கியிருந்தார். வேண்டாததைத் தேடாதே, வேண்டியதைத் தேடு, மிஞ்சுவது வேண்டாதது. எவ்வளவு அழகான எண்ணம்!

பட்டியலைப் படிக்காததால் வந்த வினை

2021 நவம்பரில் கனடா நாட்டைச் சேர்ந்த லினஸ் செபாஸ்டியன் என்ற புகழ்பெற்ற காணொளிப் படைப்பாளர், லினக்ஸைப் பயன்படுத்திப் பார்க்கும் முயற்சியைப் படம் பிடித்து வெளியிட்டார். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட பாப் ஓஎஸ் என்ற தொகுப்பில், ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளை நிறுவ அவர் ஆணையிட்டார். கவனியுங்கள், நீக்கச் சொல்லவில்லை; நிறுவத்தான் சொன்னார். அச்சமயம் பொதிகளின் பதிப்புகளுக்கிடையே ஒரு முரண்பாடு இருந்தது. அதைத் தீர்ப்பதற்காக ஆப்ட் கண்ட வழி, திரைச்சூழலுக்குரிய பொதிகளை நீக்கிவிடுவது! "மிக அவசியமான பொதிகள் நீக்கப்படவுள்ளன, என்ன செய்கிறோம் என்று நன்கு தெரிந்தாலொழிய இதைச் செய்யக் கூடாது" என்று அது எச்சரித்தது. மேலே செல்ல வேண்டுமானால், "ஆம், நான் சொல்வதைச் செய்" என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை முழுவதும் தட்ட வேண்டும் என்றது. அவர் தட்டினார். திரைச்சூழல் மறைந்தது, எழுத்துகள் மட்டுமே கொண்ட கறுப்புத் திரை எஞ்சியது.

இந்நிகழ்ச்சிக்குப் பிறகு ஆப்ட் மாற்றப்பட்டது. இப்போது அது மிக அவசியமான பொதிகளை ஒரு வாக்கியத்துக்காக விட்டுக்கொடுப்பதில்லை. கட்டளையிலேயே தனியாக அனுமதி எழுத வேண்டும். ஆனால் இக்காவல் சில பொதிகளுக்கே உண்டு. மற்றவற்றுக்கு நீங்களே காவல்.

மாணவர்கள் அகப்பட்டுக்கொள்ளக்கூடிய கண்ணி இன்னொன்றும் உண்டு. பைத்தான் மொழி கற்போர், "கணிப்பொறியில் இருப்பது பழைய பைத்தான். அதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுவோம்" என்று எண்ணலாம். ஆனால் உபுண்டுவில் கணிப்பொறியின் சொந்த வேலைகள் பலவும் அந்தப் பைத்தானின்மேலேயே நிற்கின்றன. அதை நீக்கினால் திரைச்சூழலும் சேர்ந்து போகும். புதிய பைத்தான் வேண்டுமானால் பழையதன் பக்கத்தில் தனியாக நிறுவிக்கொள்ளுங்கள். பழையதைத் தொட வேண்டாம்.

செய்து பார்ப்போம்

இனி, முறையாக ஒரு பொதியை நீக்குவோம். டெர்மினலைத் திறந்துகொள்ளுங்கள். கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். உங்கள் பாடக் கோப்புகளை முதலில் வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ படியெடுத்து வைப்பது நல்லது.

முதற்படி, ஒத்திகை. 'ஆப்ட்-கெட் --சிமுலேட் ரிமூவ் ஸ்டெல்லேரியம்' என்று தட்டுங்கள். இது எதையும் நீக்காது. நீக்கினால் என்னென்ன போகும் என்று சொல்லிக் காட்டும், அவ்வளவுதான். நாடகத்துக்கு முன் ஒத்திகை பார்ப்பது போல.

இரண்டாம் படி, பட்டியலைப் படித்தல். நீக்கப்படும் பொதிகளின் பெயர்களும், அவற்றின் எண்ணிக்கையும் திரையில் வரும். ஒன்றை நீக்கச் சொன்னால் ஒன்றோ இரண்டோ போவது இயல்பு. முப்பது, நாற்பது என்று வந்தால், அல்லது பட்டியலில் 'டெஸ்க்டாப்' என்று முடியும் பெயர் தென்பட்டால், அங்கேயே நிறுத்துங்கள். நீங்கள் கை வைத்திருப்பது உத்திரம் தாங்கும் சுவரில்!

மூன்றாம் படி, நீக்குதல். பட்டியல் சரியாக இருந்தால், 'சூடோ ஆப்ட் ரிமூவ் ஸ்டெல்லேரியம்' என்று தட்டுங்கள். சூடோ என்பது நிர்வாகியின் அதிகாரத்தைத் தற்காலிகமாகப் பெறுவது, கடவுச்சொல் கேட்கும். பிறகு பட்டியலைக் காட்டி, "தொடரலாமா?" என்று கேட்கும். இந்த இடத்தில் வெறும் என்டர் விசையை அழுத்தினாலே சம்மதம் என்று பொருள். எனவே படித்து முடிக்கும்வரை விரலைத் தள்ளியே வையுங்கள். ரிமூவ் என்பதற்குப் பதிலாகப் பர்ஜ் என்று தட்டினால், கணிப்பொறி முழுமைக்குமான அமைப்புக் கோப்புகளும் சேர்ந்து நீங்கும். உங்கள் சொந்தக் கோப்புறையில் உள்ள அமைப்புகளை அது தொடாது.

நான்காம் படி, தேங்கியவற்றைத் துடைத்தல். 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' என்ற கட்டளை, குறி விழாத பொதிகளை நீக்கும். புதிய கெர்னல்கள் வந்த பிறகு தங்கிவிட்ட பழைய கெர்னல்களும் இதில் அடங்கும். ஒவ்வொன்றும் சில நூறு மெகாபைட் இடத்தைப் பிடித்திருக்கக்கூடும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை அது விட்டுவைக்கும். ஆகவே கெர்னல்களைக் கையால் நீக்க முயலாதீர்கள். இங்கும் பட்டியலைப் படிக்க வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் பொதி ஒன்று அதில் வந்துவிட்டால், 'சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்' என்று தட்டி அதன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அதாவது, துணைக்கு வந்தவருக்கு நீங்களே ஓர் அழைப்பிதழ் கொடுத்துவிடுகிறீர்கள்.

உபுண்டுவில் சில மென்பொருள்கள் ஸ்னாப் என்ற வேறு முறையில் வருகின்றன. 2022இல் வெளியான 22.04 பதிப்பு முதல் பயர்பாக்ஸ் உலாவி அப்படித்தான் வருகிறது. அவற்றின் கணக்கு ஆப்டிடம் இல்லை. அவற்றை ஸ்னாப் கட்டளையால்தான் நீக்க வேண்டும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. பொதியின் கோப்புகளைத் தேடிப் பிடித்து, ஆர்எம் கட்டளையால் நீங்களே அழிக்காதீர்கள். எந்தப் பொதி இருக்கிறது, எது இல்லை என்ற பதிவேடு ஒன்று கணிப்பொறியில் இருக்கிறது. அரிசி மூட்டை போன பின்னும் கடைக் கணக்கில் இருப்பதாகவே எழுதியிருந்தால், கடைக்காரர் பாடு என்னவாகும்? அதே குழப்பம் இங்கும் நேரும்.

தவறு நேர்ந்துவிட்டால்?

அஞ்ச வேண்டாம். ஆப்ட் தான் செய்த வேலைகளை நாள், நேரத்துடன் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கிறது. 'வார்' கோப்புறையில் 'லாக்', அதனுள் 'ஆப்ட்', அதனுள் 'ஹிஸ்டரி.லாக்' என்ற கோப்பு இருக்கும். எந்த ஆணையால் எந்தெந்தப் பொதிகள் போயின என்பதை அதிலேயே படிக்கலாம். திரைச்சூழல் போய்விட்டாலும், ஆப்ட் இருக்கும்வரை, இணைய இணைப்பும் கிடைக்குமானால், அப்பெயர்களைக் கொண்டு மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். உங்கள் சொந்தக் கோப்புறையில் உள்ள பாடங்களும் படங்களும் பொதிகள் நீங்குவதால் அழிவதில்லை.

எதற்காக இந்தத் துப்புரவு?

பொதிகளை நீக்கினால் கணிப்பொறி வேகமாகும் என்று பலர் நம்புகிறார்கள். வட்டில் சும்மா கிடக்கும் பொதி, கணிப்பொறியின் வேகத்தைக் குறைப்பதில்லை. பரணில் கிடக்கும் பழைய பானையால் அடுப்பு மெதுவாக எரியுமா? பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை நீக்கினால்தான் வேகத்தில் வேறுபாடு தெரியக்கூடும். ஆனால் நீக்குவதால் வேறு நன்மைகள் உண்டு. வட்டில் இடம் மிஞ்சும். புதுப்பிக்கும்போது பதிவிறக்க வேண்டியது குறையும். வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஏற்கும் மென்பொருள் ஒவ்வொன்றும் வீட்டுக்கு ஒரு கதவு போன்றது. பயன்படாத கதவு குறையக் குறையக் காவலும் எளிதாகும். இந்நன்மைகள் எவையும் அவசரம் கோருபவை அல்ல. வட்டில் இடம் தாராளமாக இருக்கிறது, ஒரு பொதி எதற்கென்று புரியவில்லை என்றால், அதை அப்படியே விட்டுவைப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

இன்று மாலையே உங்கள் கணிப்பொறியில் 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' என்று தட்டிப் பாருங்கள். மேனுவல் என்று குறிக்கப்பட்ட பொதிகளின் பெயர்கள் வரிசையாக வரும். உங்களுக்குத் தெரியாத ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்கள். 'ஆப்ட் ஷோ' என்று தட்டி அப்பெயரையும் எழுதினால், அது செய்யும் வேலையைப் படிக்கலாம். 'ஆப்ட்-கேச் ஆர்டிபெண்ட்ஸ்' என்று தட்டி அதே பெயரை எழுதினால், அதைத் தம் சீட்டில் குறிப்பிடும் பொதிகள் எவை என்று தெரியும். பிறகு ஒத்திகைக் கட்டளையால், அது போனால் உங்கள் கணிப்பொறியில் எவையெல்லாம் போகும் என்று பார்த்து, தாளில் கோடு போட்டு இணையுங்கள். ஒரே ஒரு பொதிக்கு இதைச் செய்து முடித்தால் போதும். உங்கள் கணிப்பொறியின் உத்திரமும் தூணும் எங்கே இருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிடும்.